புராஸ்டேட் வீக்கம் என்று ஸ்கேன் சொன்ன பிறகு: வயதான ஆண்களின் சிறுநீர்த் தொல்லையை மதிப்பிடும் முறை

உங்கள் கேள்வியின் சாரம் இது. தந்தைக்கு 71 வயது. ஓராண்டாக இரவில் நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறார். நீரின் வேகமும் குறைந்திருக்கிறது. சென்ற மாதம் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து மாத்திரையில் குணமாயிற்று. அந்த நாட்களில் எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் புராஸ்டேட் 54 கிராம், இரண்டாம் நிலை வீக்கம், சிறுநீர் கழித்த பின் சிறுநீர்ப்பையில் எஞ்சியது 110 மில்லி என்று எழுதியிருக்கிறார்கள். அதே நாட்களில் இரத்தத்தில் பார்த்த பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) அளவு 6.8. உறவினர் ஒருவர் உடனே அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள் என்கிறார். இன்னொருவர் புற்றுநோயாக இருக்குமோ என்கிறார். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுவதாகவும் மாலையில் கால் வீங்குவதாகவும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். இவற்றை வைத்து எந்த முடிவுக்கு வருவது என்று கேட்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கும் 54 கிராம் என்ற எண்ணுக்கு, அறுவை சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிப்பதில் மிகச் சிறிய பங்குதான் உண்டு. யாரும் பொருட்படுத்தாத கால் வீக்கம் அவருடைய இரவுத் தொல்லையில் பெரும்பகுதியை விளக்கிவிடக்கூடும். பி.எஸ்.ஏ. அளவு எடுக்கப்பட்ட நேரம் தவறானது. அதை நம்பி அச்சப்படவும் கூடாது, ஒதுக்கித் தள்ளவும் கூடாது, மறுபடி எடுக்க வேண்டும். ஆகவே உறவினர்கள் விவாதிக்கும் இரண்டு கேள்விகளுக்கும் முன்னால் நடந்திருக்க வேண்டிய மதிப்பீடு இன்னும் நடக்கவில்லை.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. இளம் வயதில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். நாற்பதைத் தாண்டியதும் குழாயை ஒட்டிய உட்பகுதி மெல்லப் பெருக்கத் தொடங்குகிறது. அறுபது வயதை எட்டுபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும், 80 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் நுண்ணோக்கியில் பார்த்தால் இந்தப் பெருக்கம் தெரியும். எனவே 71 வயதுக்காரரின் ஸ்கேனில் வீக்கம் என்று வருவதில் வியப்பில்லை. தொல்லை எதுவும் இல்லாத அவருடைய நண்பர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் அவர்களில் பலருக்கு அதே வார்த்தை வரும்.

சுரப்பி பெரிதாகியிருப்பது ஒன்று. அது சிறுநீரின் வழியை அடைப்பது இன்னொன்று. அந்த மனிதருக்குத் தொல்லை இருப்பது மூன்றாவது. இந்த மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து இருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். 30 கிராம் சுரப்பி உள்ள ஒருவருக்கு நீர் அடியோடு அடைத்துக்கொண்டு கத்தீட்டர் (சிறுநீரை வெளியேற்றச் செருகும் குழாய்) போட நேரிடுகிறது. 100 கிராம் உள்ள இன்னொருவர் எந்தக் குறையும் இல்லாமல் நடமாடுகிறார். சுரப்பி வெளிநோக்கி வளர்ந்தால் குழாய்க்குப் பெரிய பாதிப்பு இல்லை. அதன் நடுப்பகுதி மேல்நோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் துருத்திக்கொண்டு வளர்ந்தால், எடை குறைவாக இருந்தாலும் வாசலை மூடிவிடுகிறது. இதனோடு சுரப்பியிலும் பையின் கழுத்திலும் உள்ள தசைகள் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்பதும் சேர்ந்துகொள்கிறது. அந்த இறுக்கத்தை எந்த ஸ்கேனும் கிராமில் காட்டாது.

சிறுநீர்ப்பையை மறந்துவிட்டுப் புராஸ்டேட்டை மட்டும் பேசுவது இந்த விஷயத்தில் மிகப் பரவலான தவறு. தொல்லைகளை மருத்துவர்கள் இரண்டு வகையாகப் பிரித்துக் கேட்பது இதனால்தான். நீர் வரத் தாமதமாவது, வேகம் குறைவது, விட்டுவிட்டு வருவது, முக்கி வெளியேற்ற வேண்டியிருப்பது, கடைசியில் சொட்டுச் சொட்டாக நீள்வது ஆகியவை வெளியேற்றம் சார்ந்தவை. அடிக்கடி போவது, திடீரென்று முட்டிக்கொண்டு வந்து அடக்க முடியாமல் போவது, கழிப்பறைக்குப் போவதற்குள் ஆடை நனைந்துவிடுவது, இரவில் எழுவது ஆகியவை நீரைச் சேமித்து வைப்பது சார்ந்தவை. முதல் வகை, அடைப்பையோ பையின் தசை வலுவிழந்திருப்பதையோ சுட்டும். இரண்டாம் வகை, பெரும்பாலும் பையின் தசை அளவுக்கு மீறித் துடிப்பதைக் குறிக்கும். அந்தத் துடிப்பு நீண்டகால அடைப்பின் விளைவாகவும் வரலாம், புராஸ்டேட்டுக்குத் தொடர்பே இல்லாமல் வயதாலும், பக்கவாதம், பார்கின்சன் போன்ற நரம்பு நோய்களாலும் வரலாம். பெண்களுக்குப் புராஸ்டேட் கிடையாது. ஆனாலும் வயதான பெண்களுக்கும் இதே அவசரமும் இரவு விழிப்பும் உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால் எல்லாப் பழியையும் அந்தச் சுரப்பியின் மேல் போடத் தோன்றாது.

மதிப்பீட்டின் முதல் வேலை, காத்திருக்கக் கூடாத நிலை எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பது. சிறுநீர் ஒரு சொட்டுகூட வராமல் அடிவயிறு உப்பி வலித்தால் அது அவசரம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சளிக்கு வாங்கிய மாத்திரை, அளவுக்கு மீறிய மது, மலச்சிக்கல், வேறொரு அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்து ஆகியவை இத்தகைய திடீர் அடைப்பைத் தூண்டிவிடும். சிறுநீரில் கண்ணுக்குத் தெரிகிற இரத்தம், வலியே இல்லாமல் ஒரே ஒரு முறை வந்து நின்றிருந்தாலும், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யும்வரை விடக்கூடாது. புகைப்பழக்கம் உள்ளவர்கள், இருந்தவர்கள் விஷயத்தில் இது இன்னும் கட்டாயம். குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், புதிதாகத் தொடங்கிய முதுகுவலியோடு கால்கள் பலமிழப்பது, மலவாயைச் சுற்றி உணர்ச்சி மரத்துப்போவது, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் தவறவிடப்படும் ஓர் அறிகுறி உண்டு. ஆயுள் முழுவதும் அந்தப் பழக்கம் இல்லாத முதியவர் ஒருவர் தூக்கத்தில் படுக்கையை நனைக்கத் தொடங்குகிறார். வீட்டில் அதை முதுமை என்று எடுத்துக்கொண்டு டயாபர் வாங்கிவிடுகிறார்கள். உண்மையில் பல மாதங்களாக வலியில்லாமல் பை நிரம்பி வழிந்துகொண்டிருக்கலாம். அந்த அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகங்களைச் சேதப்படுத்திக்கொண்டிருக்கலாம். வலி இல்லாததாலும், பகலில் நீர் போய்க்கொண்டிருப்பதாலும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. உங்கள் தந்தையிடம் இதைத் தனியாக, கூச்சப்படாமல் சொல்லும்படி கேளுங்கள். பெரும்பாலான ஆண்கள் தாமாக இதைச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, அவர் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பெயர் எழுதிய தாள் போதாது. பழைய வகை அலர்ஜி, சளி மாத்திரைகள், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள், ஓபியாய்டு வலிநிவாரணிகள் ஆகியவை பையின் தசையைத் தளர்த்தியோ வாசலை இறுக்கியோ நீரை நிறுத்திவைக்கும். நீர் பிரிக்கும் மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிடுகிறார் என்பது இரவு விழிப்பைத் தீர்மானிக்கும். நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுவதால் நீரின் அளவு கூடும். அம்லோடிபின் கால்களில் நீர் கோக்க வைக்கும். அந்த நீர் பகல் முழுவதும் கணுக்காலில் தங்கியிருந்துவிட்டு, அவர் படுத்ததும் இரத்த ஓட்டத்துக்குத் திரும்பி, சிறுநீரகங்கள் வழியாக இரவில் வெளியேறும். இதில் புராஸ்டேட்டுக்கு எந்தப் பங்கும் இல்லை. நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் பேச வேண்டிய விஷயம் இது.

தொல்லையின் அளவை எண்ணால் குறிக்க ஒரு கேள்வித்தாள் உலகெங்கும் பயன்படுகிறது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 1992இல் உருவாக்கிய ஏழு கேள்விகளுடன் எட்டாவதாக ஒன்றைச் சேர்த்து அமைத்த பன்னாட்டுப் புராஸ்டேட் மதிப்பெண் அது. கடந்த ஒரு மாதத்தில் நீர் முழுவதும் போகாத உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போவது, விட்டுவிட்டு வருவது, அடக்க முடியாமை, வேகக் குறைவு, முக்குவது, இரவில் எழுவது ஆகிய ஏழுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமையானது. ஆனால் கூட்டுத்தொகையைவிட நான் அதிகம் மதிப்பது எட்டாவது கேள்வியைத்தான்: இப்போது இருக்கும் இதே நிலையில் மீதி வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? கூட்டுத்தொகை 15 வந்த ஒருவர் இது எனக்குப் பெரிய தொந்தரவே இல்லை என்பார். 9 வந்த இன்னொருவர் பேருந்தில் ஏறவே பயப்படுவதாகச் சொல்வார். சிகிச்சை இரண்டாமவருக்குத்தான் முதலில் தேவை. ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்தக் கேள்வித்தாள் நோயைக் கண்டுபிடிக்காது. தொல்லையை அளக்கும், அவ்வளவுதான். சிறுநீர்த் தொற்று உள்ளவருக்கும் பையில் கல் உள்ளவருக்கும் இதில் அதிக மதிப்பெண் வரும். பதில்களை அவரே எழுதட்டும். பிள்ளைகள் பக்கத்தில் அமர்ந்து நிரப்பிக் கொடுப்பதில் அவருடைய கூச்சமும் உங்கள் ஊகமும் கலந்துவிடும்.

இனி, செலவில்லாததும் மிக அரிதாகச் செய்யப்படுவதுமான பரிசோதனைக்கு வருகிறேன். அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை, ஒரு நோட்டு, மூன்று நாள். ஒவ்வொரு முறையும் மணி என்ன, எத்தனை மில்லி, அடக்க முடியாமல் ஓடினாரா, எதை எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று எழுத வேண்டும். இரவில் நான்கு முறை எழுகிறேன் என்ற அதே வாக்கியத்தைச் சொல்லும் இருவரின் நோட்டுகள் எப்படி முற்றிலும் வேறுபடும் என்று காட்டுகிறேன். முதலாமவர் இரவில் கழித்தது 280, 320, 260, 180 மில்லி. காலையில் எழுந்ததும் 160. மொத்தம் 1,200. பகல் முழுவதும் அவர் கழித்தது 900 மட்டுமே. ஒரு நாளின் 2,100 மில்லியில் 57 விழுக்காடு தூங்கும் நேரத்தில் உற்பத்தியாகியிருக்கிறது. இரண்டாமவர் இரவில் கழித்தது 90, 110, 80, 100, காலையில் 120. மொத்தம் 500. பகலில் 1,300. இரவின் பங்கு 28 விழுக்காடு.

வயதானவர்களுக்கு இரவுப் பங்கு 33 விழுக்காட்டைத் தாண்டினால் அது இரவில் நீர் மிகுதியாகச் சுரப்பது என்று கொள்ளப்படுகிறது. காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர் இரவுக் கணக்கில்தான் சேரும். படுக்கப் போகும் முன் கழிப்பது பகல் கணக்கு. முதலாமவரின் சிறுநீர்ப்பை ஒவ்வொரு முறையும் ஒழுங்காக நிரம்பித்தான் அவரை எழுப்புகிறது. அவருக்குப் புராஸ்டேட்டை முழுவதும் அகற்றினாலும் இரவில் நான்கு முறை எழத்தான் போகிறார். ஏனென்றால் நீர் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. அவருக்குத் தேட வேண்டியது கால் வீக்கம், இதயப் பலவீனம், மாலைக்குப் பின் குடிக்கும் நீரின் அளவு, குறட்டையோடு மூச்சு தடைப்படும் தூக்க நோய் ஆகியவற்றை. தூக்கத்தில் மூச்சு தடைப்படும்போது இதயத்திலிருந்து சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரகங்களை அதிக நீர் வெளியேற்றத் தூண்டுகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே குறட்டையைப் பற்றி உங்கள் தாயாரிடமும் கேளுங்கள். இரண்டாமவரின் பை 100 மில்லிக்கே பொறுமை இழக்கிறது. அங்கேதான் அடைப்பா, துடிக்கும் தசையா, மீந்து நிற்கும் நீரா என்ற கேள்வி எழுகிறது. ஒரு நாள் மொத்தமே மூன்று லிட்டரைத் தாண்டினால் முதலில் சர்க்கரை நோயையும் குடிக்கும் பழக்கத்தையும் பார்க்க வேண்டும்.

உங்கள் தந்தையின் நோட்டு முதலாமவருடையதைப் போல இருக்கும் என்றுதான் கால் வீக்கத்தை வைத்து ஊகிக்கிறேன். ஊகம் தவறாகவும் இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம்; மூன்று நாளில் தெரிந்துவிடும்.

உடல் பரிசோதனையில் மருத்துவர் முதலில் அடிவயிற்றைத் தொட்டும் தட்டியும் பார்ப்பார். நீர் கழித்த பிறகும் தொப்புளுக்குக் கீழே உருண்டையாக ஏதேனும் தட்டுப்பட்டால் பை காலியாகவில்லை என்று பொருள். ஆண்குறியின் முன்தோல் இறுகியிருக்கிறதா, துளை குறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பாராமல் விட்டு மாதக்கணக்கில் புராஸ்டேட் மாத்திரை கொடுக்கப்படுவதும் நடக்கிறது. முன்பு கத்தீட்டர் போட்டிருந்தாலோ, இடுப்பில் அடிபட்டிருந்தாலோ, பால்வினைத் தொற்று வந்திருந்தாலோ குழாயில் தழும்புச் சுருக்கம் இருக்கக்கூடும். அதன் அறிகுறிகள் புராஸ்டேட் அடைப்பைப் போலவே இருக்கும்.

மலவாய் வழியாக விரலால் பரிசோதிப்பதைப் பலர் தவிர்க்கிறார்கள். ஸ்கேன்தான் இருக்கிறதே என்கிறார்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்கிக்கொண்டால், உறையணிந்த விரலில் களிம்பு தடவிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அசௌகரியம் இருக்கும், வலி இருக்கக்கூடாது, இருந்தால் அதுவே சுரப்பியில் அழற்சி இருப்பதைக் காட்டும் தகவல். சாதாரண வீக்கம் மூக்கின் நுனியைத் தொடுவதுபோல் வழுவழுப்பாகவும் நெகிழ்வாகவும் இருக்கும். புற்றுநோய்க் கட்டி, மடக்கிய விரல் முட்டியைத் தொடுவதுபோல் கடினமாக இருக்கும். இந்த வேறுபாடு கைக்குக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. சாதாரண வீக்கம் குழாயை ஒட்டிய உட்பகுதியில் தோன்றுகிறது. புற்றுநோய்களில் பெரும்பாலானவை மலக்குடலை ஒட்டிய வெளிப்பகுதியில் தோன்றுகின்றன. சாதாரண வீக்கம் நாளடைவில் புற்றுநோயாக மாறுவதில்லை என்பதற்கும் இதே அமைப்புதான் பின்னணி. இரண்டும் ஒரே மனிதரிடம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஒன்று மற்றொன்றாக ஆவதில்லை. விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்பதால் புற்றுநோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதே பரிசோதனையில் மலவாய்த் தசையின் இறுக்கமும் நரம்புகளின் நிலையும் மலச்சிக்கலும் தெரிந்துவிடும்.

சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று, இரத்தம், சர்க்கரை, புரதம் ஆகியவற்றைப் பார்ப்பது எல்லோருக்கும் தேவை. சிறுநீரகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று காட்டும் கிரியாட்டினினை இரத்தத்தில் பார்ப்பது, மீதி நீர் அதிகமாக இருந்தாலும் சிறுநீரகப் பாதிப்புச் சந்தேகம் இருந்தாலும் கட்டாயம். இரத்த அழுத்தம் உள்ள உங்கள் தந்தைக்கு எப்படியும் பார்க்க வேண்டியதுதான்.

இப்போது பி.எஸ்.ஏ. இது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். புற்றுநோயில் கூடும், வெறும் வீக்கத்திலும் கூடும், தொற்றில் பல மடங்கு கூடும், நீர் அடைத்துக்கொண்டாலும் கத்தீட்டர் போட்டாலும் கூடும். விந்து வெளியேறிய பின்னும் கடுமையான உடற்பயிற்சிக்குப் பின்னும் இரண்டு நாட்களுக்குச் சற்றே உயர்ந்திருக்கும். காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று இருந்த நாட்களில் எடுத்த 6.8 என்ற எண், தொற்றின் எண்ணா, சுரப்பியின் எண்ணா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தொற்று முழுவதும் தீர்ந்து குறைந்தது ஆறு வாரம் கழித்து மறுபடி எடுப்பதே முறை. அதற்குள் பயாப்சி (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) வரை போக வேண்டாம்.

மறுபடி எடுத்து அதே அளவில் நின்றால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 4 முதல் 10 வரையிலான அளவு உள்ளவர்களுக்குப் பயாப்சி செய்தால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் புற்றுநோய் காணப்படுகிறது; மூவருக்கு இல்லை. 4க்குக் கீழ் இருப்பதும் முழு உத்தரவாதம் ஆகாது. பெரிய சுரப்பி இயல்பாகவே அதிகம் சுரக்கும் என்பதால் பி.எஸ்.ஏ. அளவைச் சுரப்பியின் பருமனால் வகுத்துப் பார்ப்பது உண்டு; 0.15க்கு மேல் போனால் சந்தேகம் கூடும். உங்கள் தந்தையின் எண்களை வைத்தால் 6.8ஐ 54ஆல் வகுக்க 0.126 வருகிறது. வயிற்றின் மேலிருந்து எடுத்த ஸ்கேனின் பருமன் துல்லியமற்றது, இரத்தம் எடுத்த நேரமும் சரியில்லை என்பதால் இதை ஆறுதலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முடிவாக அல்ல. சந்தேகம் நீடித்தால், பயாப்சிக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்து, குத்த வேண்டிய இடம் இருக்கிறதா என்று பார்ப்பது இன்று பரவலான வழக்கம். இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். மெதுவாக வளரும் புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதால் கிடைக்கும் பயன் பல ஆண்டுகள் கழித்தே வரும். வேறு கடுமையான நோய்களோடு இருக்கும் 85 வயதுக்காரருக்கு இந்தப் பரிசோதனை, பயத்தையும் தொடர் சோதனைகளையும் தவிர எதையும் தராமல் போகலாம். 71 வயதில் நல்ல உடல்நலத்தோடு இருப்பவருக்குக் கணக்கு வேறு. இரத்தம் எடுக்கும் முன் இதை அவரிடம் விளக்கி, அவர் விருப்பத்தைக் கேட்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

ஸ்கேனில் நான் முதலில் பார்ப்பது சிறுநீரகங்கள் வீங்கியிருக்கின்றனவா என்பதை. பிறகு பையின் சுவர் தடித்திருக்கிறதா, கல் இருக்கிறதா, நடுப்பகுதி பைக்குள் எத்தனை மில்லிமீட்டர் துருத்தியிருக்கிறது என்பதை. துருத்தல் 10 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அடைப்பு இருக்க வாய்ப்பு மிகுதி. உங்கள் அறிக்கையில் இந்த அளவு இல்லை. அடுத்த முறை கேட்டு வாங்குங்கள். எஞ்சிய நீர் 110 மில்லி என்பதைப் பற்றிக் கவலைப்படும் முன் அது எப்படி அளக்கப்பட்டது என்று யோசியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, முறை வரும்வரை ஒரு மணி நேரம் அடக்கிவைக்கச் சொல்லி, பை வெடித்துவிடும் நிலையில் ஸ்கேன் எடுத்து, பிறகு வெளியே ஆட்கள் காத்திருக்கும் கழிப்பறையில் அவசரமாகப் போய்விட்டு வரச் சொல்கிறார்கள். அளவுக்கு மீறி விரிந்த தசை அந்த நேரத்தில் முழுவதும் சுருங்காது, மீதி நிற்கும். இயல்பான தாகத்தோடு, இயல்பான அவசரத்தில் போய்வந்த பின் இன்னொரு நாள் அளந்தால் அதே மனிதருக்கு 40 மில்லி இருக்கலாம். ஒரே அளவீட்டை நம்பக்கூடாது. ஆறு மாத இடைவெளியிலும் 300 மில்லிக்கு மேல் தொடர்ந்து நின்றால் அது நாள்பட்ட தேக்கம்; அதைத் தீவிரமாகத் தொடர வேண்டும்.

நீரின் வேகத்தை அளக்கும் கருவியில் அவர் வழக்கம்போல் கழித்தால் போதும். கருவி வேகத்தை வரைபடமாக எழுதும். குறைந்தது 150 மில்லியாவது கழித்திருந்தால்தான் அந்த அளவீடு செல்லும். உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிக்கு மேல் என்றால் அடைப்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 10க்குக் கீழ் என்றால் வாய்ப்பு அதிகம். ஆயினும் வேகக் குறைவு இரண்டு காரணங்களால் வரும்: வழி குறுகியிருக்கலாம், தள்ளும் தசை வலுவிழந்திருக்கலாம். நீண்டகால நீரிழிவில் இரண்டாவது அடிக்கடி நிகழ்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது, பைக்குள் மெல்லிய குழாய் வைத்து அழுத்தத்தையும் வேகத்தையும் ஒருசேர அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை ஒன்றுதான். எல்லோருக்கும் அது வேண்டியதில்லை. அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கும்போது நரம்பு நோய், 80க்கு மேற்பட்ட வயது, மிக அதிகமான மீதி நீர், அல்லது குழப்பமான அறிகுறிகள் இருந்தால் அதைச் செய்யாமல் கத்தியை எடுப்பது தவறு. தசை வலுவிழந்தவருக்கு வழியை மட்டும் அகலமாக்கினால் எதிர்பார்த்த பயன் கிடைக்காமல் போகக்கூடும். உள்நோக்கிக் கருவியால் பார்ப்பது, இரத்தம் வந்தவர்களுக்கும் குழாய்ச் சுருக்கம் சந்தேகிக்கப்படுபவர்களுக்கும் மட்டும்.

சிகிச்சை இந்த மதிப்பீட்டிலிருந்து தானாகவே கிளைக்கிறது. தொல்லை லேசாக இருந்து சிறுநீரகங்களும் பையும் நலமாக இருந்தால், குடிக்கும் நேரத்தை மாற்றி, மலச்சிக்கலைச் சரிசெய்து, ஆண்டுக்கொரு முறை பார்ப்பதே போதும். வெளியேற்றத் தொல்லை மிகுந்தால் டாம்சுலோசின் போன்ற தசை தளர்த்திகள் சில நாட்களிலேயே பயன் தரும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம், விந்து வெளிவராமல் போகலாம். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொள்ள இருப்பவர் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். கண்ணின் கருவிழிப்படலம் தளர்ந்து அறுவையைச் சிக்கலாக்கும். சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு, டியூடாஸ்டரைடு ஆகியவை பெரிய சுரப்பி உள்ளவர்களுக்கே பயன்படும், மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். கிராம் எண்ணுக்கு மதிப்பு வரும் இடங்களில் இது ஒன்று. 2003இல் வெளியான, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை நாலரை ஆண்டுகள் தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்றில், தசை தளர்த்தி, சுரப்பியைச் சுருக்கும் மருந்து ஆகிய இரண்டு வகைகளையும் சேர்த்துக் கொடுத்தபோது நோய் முற்றும் அபாயம் 66 விழுக்காடு குறைந்தது. சுருக்கும் மருந்து பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழ பாதியாக்கிவிடும். அதை அறியாதவர் 3 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடுவார், உண்மையில் அது 6. ஆகவே தொடங்கும் முன் ஓர் அளவும், தொடங்கி ஆறு மாதம் கழித்து ஓர் அளவும் எடுத்து வைத்துக்கொண்டு, பின்னாளில் எண்ணை இரட்டித்துப் படிக்க வேண்டும். மருந்தைச் சாப்பிடும்போதே ஏறத் தொடங்கினால் உடனே ஆராய வேண்டும்.

அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாத நிலைகள் தெளிவானவை: கத்தீட்டரை எடுத்ததும் மறுபடி மறுபடி அடைப்பது, அடைப்பால் சிறுநீரகம் கெடுவது, பையில் கல், அடைப்பினால் திரும்பத் திரும்ப வரும் தொற்று, புராஸ்டேட்டிலிருந்து நிற்காமல் வரும் இரத்தம். மற்றவர்களுக்கு அது மருந்தில் தொல்லை தீராதபோது அவரவர் விருப்பத்தைப் பொறுத்த தேர்வு. நீங்கள் எழுதியவற்றில் இந்தக் கட்டாய நிலை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு முறை வந்த தொற்று அந்தக் கணக்கில் வராது.

இந்த வாரம் மூன்று நாள் நோட்டைத் தொடங்குங்கள். அந்த நாட்களில் மாலையில் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்துக் குழி விழுகிறதா என்றும் குறித்துவையுங்கள். அந்த நோட்டோடும் மருந்துப் பையோடும் அவரைச் சிறுநீரியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, விரல் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, கிரியாட்டினின், நீர் வேக அளவு, மீதி நீரின் மறு அளவீடு ஆகியவற்றைக் கேளுங்கள். கால் வீக்கத்தையும் அம்லோடிபினையும் பற்றி இரத்த அழுத்தத்தைப் பார்க்கும் மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள். பி.எஸ்.ஏ.வைத் தொற்று தீர்ந்து ஆறு வாரம் ஆன பிறகு எடுங்கள். தசை தளர்த்தி தொடங்கப்பட்டால் நான்கு முதல் ஆறு வாரத்தில் அதே கேள்வித்தாளை அவர் மறுபடி நிரப்பட்டும். எண் இறங்கவில்லை என்றால் மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன் நோயைச் சரியாகக் கணித்தோமா என்று முதலிலிருந்து பார்க்க வேண்டும்.